ஆறாவது றவுண்டில் நின்றுபோன மணிலா

யாழ்ப்பாணத்தில், குளப்பிட்டிச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, கே.கே.எஸ். வீதியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. 1991 தொடக்கம் 1995 வரை எங்கள் வகுப்புப் பெடியள் ஏழெட்டுப் பேருக்கு அது இரண்டாவது வகுப்பறை. கல்லூரி விட்டதும் அங்கே போய்விடுவோம். ரியூசன் தொடங்கும்வரை கடை வாங்கில் இருந்து கதைப்போம். கதைத்தது பெரும்பாலும் ஒரே விஷயம்: குத்துச்சண்டை எந்தக் காலத்தில் பார்க்க நல்லாய் இருந்தது?

எங்களில் ஒருவனும் அதுவரை ஒரு முழுச் சண்டையைப் பார்த்ததில்லை. போரால் மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். பற்றறி வரத் தடை. இருந்தாலும் கடைக்கார அண்ணையிடம் பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள் ஒரு கட்டு இருந்தன. மூலை கறுத்து, கிறீஸ் விரல் அடையாளம் பட்ட தாள்கள். அவற்றைப் பாடப்புத்தகத்தை விட வடிவாகப் படித்தோம்.

அண்ணை எழுபதுகளின் ஆள். 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி ஆபிரிக்காவின் கின்ஷாசாவில் விடிய நாலு மணிக்கு முகம்மது அலியும் ஜோர்ஜ் போர்மனும் மேடையேறியபோது யாழ்ப்பாணத்தில் காலை எட்டரை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததாகச் சொல்வார். போர்மனுக்கு 25 வயது, 40 சண்டையில் ஒரு தோல்வியும் இல்லை, அதில் 37 பேரை முடிவுவரை நிற்கவிடவில்லை. அலிக்கு 32. அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அடி அடி என்று விட்டு, போர்மனின் கை களைத்த பிறகு எட்டாவது றவுண்டில் விழுத்திய கதையை அண்ணை சொல்லும்போது கடைச் சுவரில் முதுகை வைத்துச் சாய்ந்துதான் சொல்வார். கையில் ஸ்பானர் இருக்கும்.

நானும் அலி பக்கம்தான். எதிர்ப்பக்கத்துக்கு ஒருவன் இருந்தான். சந்நிதி கோவிலில் மொட்டை அடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவனுக்கு ஹக்லர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மொட்டைத் தலை மார்வின் ஹக்லர்தான் அவனுடைய ஆள். எண்பதுகளின் நால்வர், அதாவது லெனார்ட், டுரான், ஹேர்ன்ஸ், ஹக்லர், இவர்கள் காலம்தான் காலம் என்று அடித்துச் சொல்வான்.

என்னுடைய வாதம் இது. பிரேசியர் 1971 மார்ச்சில் நியூயோர்க்கில் அலியை வென்றார். பதினைந்தாவது றவுண்டில் இடதுகைக் குத்து ஒன்றால் அலியை நிலத்தில் இருத்தினார். அந்தப் பிரேசியரை 1973இல் கிங்ஸ்டனில் போர்மன் இரண்டு றவுண்டுக்குள் ஆறு தடவை விழுத்தினார். அந்தப் போர்மனை அலி வென்றார். அலியின் தாடையை உடைத்த நோர்ட்டனைப் போர்மன் இரண்டே றவுண்டில் முடித்தார். ஒருவனை ஒருவன் வென்றபடி சுற்றி வருகிற வட்டம் இது. அடுத்தது யார் கை ஓங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைவிடச் சுவாரசியமான காலம் எது?

"வட்டம் எண்டுறாய், அதில ஒரு ஓட்டையெல்லே கிடக்கு" என்பான் ஹக்லர். "பிரேசியரும் நோர்ட்டனும் ஒருநாளும் மோதேல்லை. எங்கட நாலு பேரில ஒருத்தனை ஒருத்தன் விட்டவனோ, சொல்லு பாப்பம்?"

உண்மைதான். பிரேசியருக்கும் நோர்ட்டனுக்கும் எடி பட்ச் என்ற ஒரே பயிற்சியாளர் இருந்தவர். இருவரும் ஒருபோதும் மோதவில்லை. அவனுடைய நால்வரோ 1980 தொடக்கம் 1989 வரை தங்களுக்குள் ஒன்பது தரம் மோதினார்கள், ஒரு சோடியும் மிச்சமில்லை. இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. டைசன் என்று ஒருவன் இடையில் வாயைத் திறந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து அவனை அடக்குவோம். ஸ்பிங்ஸை 91 விநாடியில் முடித்த வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஈடு கொடுக்க ஆள் இல்லாத காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

1993இல் ஒருநாள், கொழும்பிலிருந்து கிளாலிக் கடலேரியால் வந்த ஒருவர் அண்ணைக்கு ஒரு வீடியோ கசற் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரண்டு சண்டைகள்: 1985 ஏப்ரலில் நடந்த ஹக்லர்–ஹேர்ன்ஸ், 1975 ஒக்டோபரில் மணிலாவில் நடந்த அலி–பிரேசியர். எங்கள் வழக்கை அப்படியே நாடாவில் சுற்றி அனுப்பியது போல இருந்தது. டீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தோம். ஆளுக்குக் கொஞ்சமாக மண்ணெண்ணெய் சேர்த்தோம். நான் என் விளக்கிலிருந்து ஊற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு வீட்டில் அம்மா இருட்டில் இருந்தா.

கடையின் பின்பக்க அறை. யன்னலுக்குச் சாக்கு. துளிப் பெற்றோலில் ஜெனரேற்றரை இழுத்து ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணைக் கரித்தது. முதலில் ஹக்லர்–ஹேர்ன்ஸ் போட்டார்கள்.

மணி அடித்ததும் ஹக்லர் பாய்ந்தார். ஒருவரும் தற்காத்து நிற்கவில்லை. முதல் மூன்று நிமிடம் முழுவதும் இருவரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த றவுண்டிலேயே ஹேர்ன்ஸின் வலது கை எலும்பு உடைந்ததென்று பிறகு வாசித்தேன். ஹக்லரின் நெற்றி வெடித்து முகமெல்லாம் இரத்தம். மூன்றாவது றவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தி வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் பார்த்துவிட்டு விட்டார். இனி நிறுத்திவிடுவார்கள் என்று விளங்கியதாக்கும், ஹக்லர் ஓடிப்போய் அடித்த அடியில் ஹேர்ன்ஸ் மல்லாக்க விழுந்தார். எட்டு நிமிடம்தான். எங்கள் மொட்டைத் தலையன் ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அது புகையால் இல்லை.

அதன்பிறகு மணிலா. முதல் நாலு றவுண்டும் அலியின் கை மேலே. ஐந்தாவதில் பிரேசியர் குனிந்து குனிந்து உள்ளே வரத் தொடங்கினார். ஆறாவதில் இரண்டு இடதுகைக் குத்துகள் அலியின் தலையில் விழுந்தன. கடையே அதிர்ந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது. திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது.

"எங்கட ஆள் ஒரு போத்திலுக்கை முடிச்சுப்போட்டான்" என்று இருட்டுக்குள் ஹக்லரின் குரல் மட்டும் கேட்டது.

கசற் அடுத்த வாரமே கைமாறிப் போய்விட்டது. அலி வென்றது ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் கண்ணுக்குள் மணிலா ஆறாவது றவுண்டிலேயே நின்றது, அலி அடி வாங்கிக்கொண்டு.

1994 நவம்பர் 6, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ போட்டிருந்தோம். பெடல் சுற்றுகிறவன் களைத்தால் குரல் அமுங்கிப்போகும். பி.பி.சி. உலக சேவை விளையாட்டுச் செய்தியில் ஜோர்ஜ் போர்மன் என்ற பெயர் வந்தது. சுற்றிக்கொண்டிருந்தவன் கையை விட்டுவிட்டான். அண்ணை பாய்ந்து பெடலைப் பிடித்தார். 45 வயதில், லாஸ் வேகாஸில், மைக்கேல் மூரரைப் பத்தாவது றவுண்டில் விழுத்தி மீண்டும் உலகச் சம்பியன். கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்புக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அடித்தாராம் என்று பின்னால் அறிந்தோம்.

அண்ணை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியே தம்பி, எழுபதில மிஞ்சின ஒருத்தர் வந்து தொண்ணூறைப் படுக்க வச்சிட்டார். அதுவும் அலியிட்டத் தோத்தவர்!"

"ஒன்பது றவுண்டும் தோத்துக்கொண்டு நிண்டவர் அண்ணை, ஒரு குத்திலதான் தப்பினவர்" என்றான் ஹக்லர். அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அடுத்த வருடம் ஒக்டோபர் 30. அலி–போர்மன் சண்டைக்கு 21 வருடம் நிறைந்த நாள். அன்று போருக்குப் பயந்து வலிகாமமே ஊரைவிட்டு வீதியில் இறங்கி நடந்தது. அதைப் பற்றி இந்த மலரிலேயே பலர் எழுதியிருக்கிறார்கள், நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்போர்ட்ஸ்டார் கட்டு கடையிலேயே கிடந்தது. அண்ணை பிறகு திரும்பி வரவில்லை.

மணிலாவை முழுமையாகப் பார்த்தது கனடாவின் ஸ்காபரோவில், பனி கொட்டிய ஒரு இரவு வேலையால் வந்து. ஏழு, எட்டு, ஒன்பது என்று பிரேசியர் முன்னேறிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதில் சண்டை திரும்பியது. பதின்மூன்றில் பிரேசியரின் வாய்க்காப்பு பறந்து போனது. பதினாலில் அவருக்குக் கண் தெரியவில்லை, வருகிற குத்துகளைப் பார்க்காமலே வாங்கினார். பட்ச் நிறுத்திவிட்டார். உட்கார் மகனே, இன்றைக்கு நீ செய்ததை ஒருவரும் மறக்கமாட்டார்கள் என்று சொன்னாராம். சாவுக்கு மிகக் கிட்டப் போய்வந்த சண்டை அது என்று அலியே பின்னர் சொன்னார். அலியின் நடுங்கிய கைகளை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பார்த்த பிறகு அந்தப் பதினாலு றவுண்டை என்னால் கை தட்டிப் பார்க்க முடியவில்லை. 1982இல் கொரிய வீரர் டக் கூ கிம் பதினாலாவது றவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன் பின் பதினைந்து றவுண்டைப் பன்னிரண்டாகக் குறைக்கத் தொடங்கினார்கள். குறைத்தது சரி. ஆனால் பன்னிரண்டுக்குப் பிறகு வருகிற அந்த இடம், இரண்டு பேரிடமும் ஒன்றும் மிச்சமில்லாத இடம், இனி வராது. மூன்று நிமிடத்துக்கு ஹக்லர்–ஹேர்ன்ஸ் முதல் றவுண்டுக்கு ஈடில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். காலம் என்று கேட்டால் 1971 முதல் 1975 வரைதான்.

2011 நவம்பரில் பிரேசியர் இறந்த செய்தி வந்ததும் கொக்குவிலுக்கு அழைத்தேன். ஹக்லர் இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன், தலையில் மொட்டை தானாகவே வந்துவிட்டதாம்.

"மணிலாவை முழுக்கப் பாத்தனியே மச்சான்? இப்ப எல்லாம் போனிலயே வருதே" என்றேன்.

"இல்லையடா. எத்தினையோ தரம் திறந்தனான். ஆறாவது முடிய நிப்பாட்டிப்போடுவன்."

"ஏன்ரா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கோவில் மணி கேட்டது.

"அண்ணை இல்லாமல் எப்பிடிப் பாக்கிறது? நீ சொல்லு. ஏழாவதில இருந்து தொடங்கு."

எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். ஏழாவது றவுண்டிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.