பேன்ட்டைக் கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள்

பேன்ட் போடுவது நமக்கு ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் எட்டு. உட்கார வேண்டும், இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும், ஒரு காலை நுழைக்க வேண்டும், பிறகு மறு காலை, முழங்கால் வரை இழுக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், தொடை வரை ஏற்ற வேண்டும், பின்புறத்தைத் தாண்டி இடுப்பில் உட்கார வைக்க வேண்டும். ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்கு இந்த எட்டையும் ஒரே மூச்சில், அதுவும் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தால் இரண்டு பேரும் அழுதுதான் முடியும்.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்களான ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இதைப் பின்னாலிருந்து பழக்குவார்கள். முதல் ஏழு படியை நீங்களே செய்துவிடுங்கள். எட்டாவதை மட்டும் பிள்ளை செய்யட்டும். அது பிடிபட்டதும் ஏழும் எட்டும் பிள்ளைக்கு, பிறகு ஆறிலிருந்து. முதல் படியிலிருந்து தொடங்கினால், பிள்ளை காலை நுழைத்தவுடன் மிச்சத்தை நாம் முடித்துவிடுவோம். ‘போட்டாச்சு’ என்ற நிறைவும் நமக்கே போய்விடும். கடைசிப் படி பிள்ளை கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் வேலை அவர்கள் கையில்தான் முடியும், முடித்த கையோடு விளையாட ஓடலாம்.

அந்த எட்டாவது படியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு கையாலும் முன்பக்கத்தை மட்டும் இழுப்பார்கள். முன்னால் பேன்ட் தொப்புளைத் தாண்டும், பின்னால் இலாஸ்டிக் பிட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். கட்டைவிரல்களைப் பக்கவாட்டில் பட்டைக்குள் விடச்செய்து, கைகளைப் பின்பக்கமாக நகர்த்தி இழுக்கப் பழக்குங்கள். பழகும் காலத்துக்கு ஒரு சைஸ் பெரிய, தளர்ந்த இலாஸ்டிக் உள்ள பேன்ட் போதும். ஜிப்பும் பட்டனும் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் இருக்க வேண்டிய இடம் பிள்ளையின் முதுகுப்பக்கம். எதிரே உட்கார்ந்தால் உங்கள் இடது அவர்களுக்கு வலது. பின்னாலிருந்து அவர்கள் கைமேல் உங்கள் கையை வைத்தால் இரண்டு ஜோடிக் கையும் ஒரே திசையில் போகும். ஒப்பேறியதும் உங்கள் பிடியை மணிக்கட்டுக்கு இறக்குங்கள், பிறகு முழங்கைக்கு, பிறகு ஒரு தொடல், பிறகு வெறும் விரல் நீட்டல். ஒவ்வொரு உதவிக்கும் முன்னால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து எண்ணுவது நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம்.

வாயையும் அடக்க வேண்டும், இது கையை அடக்குவதைவிடக் கஷ்டம். ‘இழு, இழு, பின்னாடி இழு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரலும் ஒரு படியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் சொல்லாதவரை பிள்ளை இழுக்காது. கைதூக்கி விடுவதைக் குறைப்பது சுலபம், சொல்லைக் குறைப்பது சிரமம். ஒரே சொல், எப்போதும் அதே சொல். அப்பா ‘பேன்ட்’ என்றும் பாட்டி ‘டிரவுசர்’ என்றும் சொன்னால் சில பிள்ளைகளுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள்.

தசை தளர்ந்த பிள்ளை, டவுன் சிண்ட்ரோமில் இது சகஜம், நின்றுகொண்டு காலை நுழைக்கப் போனால் சாயும். பாதம் முழுக்கத் தரையில் பதியும் உயரத்தில் ஸ்டூல், முதுகுக்குச் சுவர். ஸ்டூலும் போதவில்லை என்றால் அறை மூலையில் தரையிலேயே உட்கார வையுங்கள். இரண்டு சுவரும் தாங்கும்.

மூளைப் பாதிப்பால் தசைகளின் இயக்கம் கெடும் செரிப்ரல் பால்சியில் கணக்கு வேறு. ஒரு பக்கம் இறுகிய பிள்ளைக்கு, போடும்போது இறுகிய கை கால் முதலில், கழற்றும்போது கடைசியில். துணி தளர்வாக இருக்கும்போதே வளையாத பக்கம் உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான். சட்டைக் கையில் மூடிய விரல்களைப் பிடித்து இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். சட்டைக் கையைச் சுருட்டி, மறுமுனை வழியாக உங்கள் கையை விட்டுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டால் விரிக்கப் போராட வேண்டாம். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள், பிறகு மெதுவாக விலக்குங்கள். மல்லாந்து படுக்கும்போது உடல் விறைத்துக்கொள்ளும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாதி விறைப்பு இறங்கும்.

‘போட மாட்டேன்’ என்ற அடம் பல நேரம் துணியைப் பற்றிய புகார். பேசாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? கழுத்து லேபிளைக் கத்தரியால் வெட்டினால் மிஞ்சும் அடிக்கட்டை முன்பைவிட அதிகம் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். சாக்ஸின் நுனித் தையல் உறுத்தினால் உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிவிடுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. புதுத்துணியை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு போடுங்கள். லேசாகத் தொட்டால் கூசும் பல பிள்ளைகளுக்கு அழுத்தமான தொடல் பிடிக்கும், அதனால் உடுத்துவதற்கு முன் காலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்குப் பட்டையின் உள்ளே பின்பக்கம் நான்கு தையல் சிவப்பு நூல் போடுங்கள். எல்லாப் பேன்ட்டிலும் அதே இடம், அதே நிறம்.

காலண்டரில் தினமும் ஒரு குறி: உதவியுடன், உதவியின்றி. தொடர்ந்து மூன்று நாள் உதவியின்றி வந்தால் அடுத்த படி. ஆர்வத்தில் இரண்டு படி தாண்டினால் ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிவிடும். பயிற்சிக்கு இரவு உடை மாற்றும் நேரமே நல்லது. காலையில் தாமதமானால் நீங்களே போட்டுவிடுங்கள், குற்றமில்லை. காய்ச்சல் கண்டு எழுந்த பிள்ளைக்குத் தெரிந்த படியும் மறந்ததுபோல் இருக்கும். அப்போது ஒரு படி பின்வாங்கித் தொடருங்கள்.

பட்டன் பிறகு. 2 செ.மீ. அகலத்துக்குக் குறையாத பட்டன், தாராளமான துளை. கழற்றுவதை முதலில் பழக்குங்கள், அது எளிது. போடும்போதும் அதே பின்முறைதான்: பட்டனைத் துளையில் பாதி வரை நீங்கள் தள்ளுங்கள், மறுபாதியைப் பிள்ளை இழுக்கட்டும். மேசைமேல் வைத்துப் பழகும் பலகையில் தேறிய பிள்ளை தன் சட்டையில் திணறும், திசை தலைகீழாகிவிடுவதால். பிள்ளை போட்டிருக்கும் சட்டையிலேயே, கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பட்டனிலிருந்து தொடங்குங்கள். கழுத்துப் பட்டன் ஆகக் கடைசி.