ஆர்டிஎக்ஸ் 3060ஐ பிடிச்சு வச்சிருக்கிறது ஐ5-4570 தான், அளந்து பார்த்தாச்சு

ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் கேம் திணறினதுக்குக் காரணம் ஒருவழியா உறுதியாகிடுச்சு. கார்டுல குறை இல்ல, டிரைவர்ல இல்ல, பவர் சப்ளையும் சுத்தம். ஆர்டிஎக்ஸ் 3060ஐ ஓடவிடாம பண்றது ஐ5-4570 தான். 2013ல வந்த ப்ராசசர், நாலு கோர் நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை), டர்போல, அதாவது தானா ஏறுற உச்ச வேகத்துல போனாலும் 3.6 கிகாஹெர்ட்ஸ், சிப்புக்குள்ளயே இருக்கிற வேக நினைவகமான எல்3 கேஷ் 6 எம்பி. கார்டு 2021. இவ்வளவு இடைவெளி இருந்தா ப்ராசசர்தான் பாட்டில்நெக், கார்டை இழுத்துப் பிடிக்குதுன்னு யார் வேணா சொல்லிடலாம், ஆனா ரேம் ஒத்தை ஸ்டிக்கா இருந்தாலும், கூலர்ல தூசி அடைச்சு கிளாக் இறங்கினாலும், எங்கேயோ ஒரு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கேப், அதாவது உச்சவரம்பு, ஆன்ல இருந்தாலும் அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும், அதனால அளக்காம ப்ராசசர் மேல பழி போடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

சைபர்பங்க் 2077 பெரிய புதிர் இல்ல. கூட்டமான தெருவுல நாலு கோரும் நூறுல ஒட்டிக்கிட்டு நிக்குது, கார்டு பாதி வேலைதான் பார்க்குது, பார்த்ததும் தெரிஞ்சுடும். அந்த கேம் 2020ல வந்தப்ப குறைந்தபட்ச ப்ராசசர் ஐ5-3570கே, 2023ல 2.0 அப்டேட் சமயத்துல அதை ஐ7-6700க்கு ஏத்திட்டாங்க, அதாவது நம்ம சிப் கோட்டுக்கு வெளிய போயிடுச்சு. என்னை உண்மையிலேயே பாடா படுத்தினது சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ், 2015 கேம். பெரிய ஊர் கட்டின சேவ் ஃபைலைத் திறந்தா எஃப்பிஎஸ் முப்பதுக்குக் கீழ, கார்டு யூசேஜ் நாற்பது சொச்சம், சிபியு மொத்தம் எழுபது பக்கம், எந்தக் கோரும் நூறுல இல்ல. அப்போ யாருதான் முழுசா வேலை செய்றாங்க?

இங்கதான் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் திரை மேல காட்டுற ஓவர்லே நம்பரை நம்பவே கூடாது. மெயின் த்ரெட் ஒண்ணு முழு மூச்சா ஓடினாலும் விண்டோஸ் அதை ஒரே கோர்ல உட்கார விடாது, இங்கயும் அங்கயும் மாத்திக்கிட்டே இருக்கும். ஆஃப்டர்பர்னர் காட்டுறது ஏதோ ஒரு நொடிக்கான சராசரி, அதனால மத்த த்ரெட்களோட வேலையும் கலந்து நாலு கோரும் அறுபது எழுபதுன்னு அப்பாவியா தெரியும். கார்டு யூசேஜும் அப்படித்தான், அது அந்த நேரத்துல ஓடுற கிளாக்ல எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு. வேலை கம்மின்னா கார்டு தானாவே கிளாக்கை இறக்கிக்கும், அப்போ சதவீதம் உசந்து தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனல்ல பவர் மோடை அதிகபட்ச பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்தினதும் நாற்பதுல இருந்தது இன்னும் கீழ இறங்கிடுச்சு பாருங்க.

அதனால சதவீதத்தை ஓரமா வச்சுட்டு ரெண்டு பக்கமும் வேணும்னே வேகத்தைக் குறைச்சு பார்த்தேன். முதல்ல கார்டு. ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 70க்கு இறக்கினேன், எஃப்பிஎஸ் அசையல. 1080பியை 720பி ஆக்கினேன், அப்பவும் அசையல. அடுத்து ப்ராசசர், இதுக்கு பயாஸ் (மதர்போர்டோட அடிப்படை மென்பொருள்) எல்லாம் வேணாம், விண்டோஸ் பவர் பிளான்ல மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட் போதும். அதை 99 வச்சா டர்போ அணைஞ்சு 3.2 பக்கம் நிக்கும், 75 வச்சா 2.4 பக்கம் வந்துடும், ரெண்டையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள்ல கிளாக் பார்த்து உறுதி பண்ணிக்கணும், ஏன்னா சில போர்டு இந்த செட்டிங்கைக் கண்டுக்கவே கண்டுக்காது. நூறை விட்டுட்டு 99ல ஆரம்பிக்கிறது முக்கியம், டர்போ இருந்தா அடிப்படை ஆடிக்கிட்டே இருக்கும், கணக்கு வராது. அதே சேவ், அதே கேமரா கோணம், அதே சிமுலேஷன் வேகம். கிளாக் கால்வாசி குறைஞ்சதும் எஃப்பிஎஸ்ஸும் கிட்டத்தட்ட கால்வாசி விழுந்துச்சு! இதுக்கு மேல சாட்சி வேணாம், ஆனாலும் ஃப்ரேம் நேரம் அளக்கிற பிரசன்ட்மான்ல 2023ல சேர்த்த ஜிபியு பிஸி (கார்டு வேலையில இருந்த நேரம்) அளவையும் பார்த்தேன், ஒரு ஃப்ரேமுக்கு முப்பத்தஞ்சு மில்லிசெகண்ட் ஆகுது, அதுல கார்டு வேலை செஞ்சது பாதி கூட இல்ல.

கொத்தனார் எவ்வளவு கைவேகமா இருந்தாலும் சித்தாள் கலவை கொண்டு வந்து கொட்டினாத்தான் அடுத்த கல்லு. கேம்ல அந்தக் கலவைதான் ட்ரா கால். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் யார் எங்க நிக்கிறான், எது திரையில தெரியும், எதை விடலாம்னு ப்ராசசர் முடிவு பண்ணி, டிரைவர் வழியா கமாண்டா மாத்தி கார்டுக்கு அனுப்பணும். 60 எஃப்பிஎஸ்னா இது மொத்தமும் 16.7 மில்லிசெகண்டுக்குள்ள முடியணும், 144னா 6.9. டைரக்ட்எக்ஸ்ங்கிறது கேம் கார்டோட பேசுற வழி, அதோட 11ஆம் பதிப்புல ஓடுற கேம்ல இதுல பெரும்பங்கு ஒத்தை த்ரெட்ல வரிசையா நடக்குது, மத்த மூணு கோர்ல இடம் இருந்தாலும் அதுல உதவ முடியாது. டைரக்ட்எக்ஸ் 12லயும், அதே மாதிரி இன்னொரு வழியான வல்கன்லயும் பல த்ரெட் சேர்ந்து கமாண்ட் எழுதலாம்தான், ஆனா நம்மகிட்ட இருக்கிறதே நாலு த்ரெட், பின்னாடி பிரவுசர் ஒரு டேப் திறந்தா அதுலயும் ஒண்ணு போச்சு, உடனே கேம் ஒரு குலுக்கு குலுக்கும்.

இப்போ ஒரு விஷயம் கவனிச்சேன். கிளாக் சரியா கால்வாசி குறைஞ்சும் எஃப்பிஎஸ் முழு கால்வாசி விழல, கொஞ்சம் கம்மியாத்தான் விழுந்துச்சு. அந்த மிச்சம் ரேமுக்காகக் காத்திருக்கிற நேரம், ஏன்னா ப்ராசசரை இறக்கினப்ப ரேம் வேகம் மாறல. 6 எம்பி கேஷ்ல அவ்வளவு பெரிய ஊர் எங்க அடங்கும், எதைக் கேட்டாலும் ரேமுக்குப் போயாகணும். என்கிட்ட இருந்தது 8 ஜிபி டிடிஆர்3-1600 ஒரே ஸ்டிக், 12.8 ஜிபி ஒரு நொடிக்கு. இன்னொண்ணு போட்டு டூயல் சேனல் ஆக்கினதும் 25.6. சராசரி எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் ஏறுச்சு, ஆனா 1% லோ (ரொம்ப மெதுவான ஒரு சதவீத ஃப்ரேமோட எஃப்பிஎஸ்) நல்லாவே ஏறி, கேமராவைத் திருப்பும்போது இருந்த அந்த இழுவை போயிடுச்சு, இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த இடம் இதுதான்.

பழைய டிடிஆர்3 வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஏஎம்டிக்கு மட்டும்னு விற்கிற 8 ஜிபி ஸ்டிக் மலிவா கிடைக்கும், அது இன்டெல் போர்டுல பூட்டே ஆகாது. ஒரு விற்பனையாளர் அதைச் சொல்லாமலே அனுப்பி வச்சார், திருப்பி எடுத்துக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. லேபிள் படம் கேட்டு வாங்குங்க, ரெண்டு பக்கமும்.

செட்டிங்ல கிடைச்ச லாபமும் உண்டு. கார்டு சும்மா இருக்கிறதால டெக்ஸ்ச்சர், ஆன்டி-அலியாசிங், ஆம்பியன்ட் ஒக்லூஷன், ரெசல்யூஷன் எல்லாம் ஏத்திக்கிட்டேன், எஃப்பிஎஸ் குறையவே இல்ல. இறக்க வேண்டியது கூட்டத்தோட அடர்த்தி, எவ்வளவு தூரம் தெரியணும்ங்கிறது, நிழல், இதெல்லாம் ப்ராசசர் தலையில விழுற சுமை. சைபர்பங்க்ல ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர் போற வழியைக் கணக்குப் போட்டு வரையிறது) கார்டுக்கு மட்டும் பாரம்னு நினைக்காதீங்க, அதுக்கான கட்டமைப்பை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதுப்பிக்கிறதுல ப்ராசசருக்கும் பங்கு இருக்கு, அணைச்சாத்தான் மூச்சு விடுது. டிஎல்எஸ்எஸ் (குறைஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்குறது) போட்டும் எஃப்பிஎஸ் ஏறல, ஏற வழியே இல்ல, அது குறைக்கிறது கார்டோட வேலையைத்தானே.

அடுத்தது ஐ7-4790 தேடிக்கிட்டு இருக்கேன். அதே சாக்கெட், அதே 84 வாட், கூலர் மாத்த வேணாம், எட்டு த்ரெட், 8 எம்பி கேஷ், டர்போ 4.0. சைபர்பங்க்குக்கு அந்த எட்டு த்ரெட் நிச்சயம் பிடிக்கும், ஸ்கைலைன்ஸுக்கு கிளாக் ஏற்றம்தான் மிச்சம், பெருசா எதிர்பார்க்கல. ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் பக்கம் போனா ரைசன் 5 5600ல கேஷே 32 எம்பி, மனசு அங்கதான் இழுக்குது, ஆனா போர்டு, ரேம் ரெண்டும் புதுசா வேணும், இப்போதான் டிடிஆர்3 வாங்கிப் போட்டிருக்கேன். என்னோட பி85 மதர்போர்டுல பயாஸ் பழசு, அப்டேட் பண்ணாத வரைக்கும் 4790ஐ அது அடையாளம் காணாது, அதனால ப்ராசசர் வாங்குறதுக்கு முன்னாடியே பயாஸை முடிச்சுடணும். ஃபைலை யூஎஸ்பில ஏத்தி வச்சாச்சு. சிப் வந்ததும் அதே 99, 75 சோதனையைத் திரும்ப ஓட்டி ரெண்டு கேமுக்கும் நம்பர் போடுறேன்.