கேன்டீன் தூணிலிருந்து நூலக மாடிக்கு

எங்கள் கல்லூரி வானொலியின் வரலாற்றை யாராவது கேட்டால் என் மேசையில் இருக்கும் தடித்த கோப்பைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் கதை அதற்கும் முன்பே, கேன்டீன் தூணில் கட்டிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் தொடங்கிவிட்டது. மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம். பேசுவது, பாடுவது, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வருவது எல்லாம் மாணவர்களே. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்தது. நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி (சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சிறு நிலையம்) நம் சென்னையில் என்று எங்களுக்குத் தாங்காத பெருமை. நம் குரலும் மதில் தாண்டிக் கேட்க வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்ததுதான்.

2006ஆம் ஆண்டு சமூக வானொலி விதிகளின்படி விண்ணப்பித்தோம். 2,500 ரூபாய் கட்டி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்புவது சுலபமாகத்தான் இருந்தது. எங்களுடையது தனியார் கல்லூரி. ஆகவே உள்துறை, பாதுகாப்பு, மனிதவள மேம்பாடு ஆகிய மூன்று அமைச்சகங்களும் சம்மதித்த பிறகே 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற முதற்கட்ட ஒப்புதல் கடிதம் வந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் அலைவரிசைக்கும், ஆன்டெனா நிற்கும் இடத்துக்கான சாக்ஃபா (அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழு) அனுமதிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் தவறினேன். அட்சரேகை, தீர்க்கரேகை கேட்ட இடத்தில் கல்லூரி வாசலின் அளவை எழுதிவிட்டேன். ஆன்டெனா வரப்போவதோ நூலக மாடியில். திருத்தி மறுபடி போட்டதில் ஐந்து மாதம் போயிற்று. ஓடியாடி உழைத்த மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஒலிபரப்பைக் கேட்காமலே படிப்பை முடித்துப் போனார்கள். இன்றும் அது எனக்கு உறுத்தல். விண்ணப்பிக்க நினைப்பவர்களே, ஆன்டெனா வைக்கும் இடத்திலேயே போய் நின்று அளவெடுங்கள். ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, 30 மீட்டரைத் தாண்டவும் கூடாது.

சாக்ஃபா கிடைத்ததும் 25,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம், ஒப்பந்தம், கடைசியில் இயக்க உரிமம். ஒலிபரப்பின் சக்தி 100 வாட். முதல் நாள் மாலை இரண்டு மாணவர்கள் டிரான்சிஸ்டரோடு பைக்கில் கிளம்பினார்கள். ஏழாவது கிலோமீட்டரில், செங்கல் சூளையைத் தாண்டியதும் குரல் கரகரத்து மறைகிறது என்று போனில் சொன்னார்கள். அதற்குள் நான்கு ஊர்கள் அடங்கின! சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். மின்தடை, குடிநீர், தேர்வு அறிவிப்புகளுக்குத் தடையில்லை. அந்த நான்கு ஊர்களும் எங்களைத் தேடிக் கேட்டது அவற்றுக்காகத்தான்.

ஒலிப்பதிவுகளை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. கணினியில் இடம் போதாமல் நாங்களும் அப்படியே அழித்துக்கொண்டு வந்தோம். கோப்பில் ஒவ்வொரு கடிதமும் பத்திரமாக இருக்கிறது. முதலாண்டின் ஒரு குரல்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. பத்தாம் ஆண்டு விழாவுக்காகப் பழைய மாணவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருத்தி தன் பழைய கைபேசியிலிருந்து நான்கு நிமிடம் அனுப்பினாள். பேருந்தில் போகும்போது பதிந்ததாம். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பையன் நிலையத்தின் பெயரைத் தடுமாறி இரண்டு முறை சொல்கிறான். இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.