25 மில்லிமீட்டரில் மிதக்கும் படகு: டன்னலில் தண்ணீர் ஏறிவிட்டது

நான் கட்டிவரும் மாடல் சரக்குப் படகு இது. உடல், டன்னல் (புரொப்பல்லர் சுழல்வதற்காக அடியில் குடைந்த குகை), மோட்டார் மூன்றும் முடிந்து படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. நீளம் 900 மி.மீ., அகலம் 200, தட்டையான அடி. சரக்கு ஏற்றிய பிறகும் 25 மி.மீ.க்கு மேல் அமிழக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. மற்ற எல்லாவற்றையும் அந்த 25 தான் முடிவு செய்தது.

எடைக் கணக்கை முதலில் போட்டேன். நீளம், அகலம், அமிழும் ஆழம் மூன்றையும் பெருக்கி, இரண்டு முனைகளும் ஒடுங்குவதற்காக 0.8 ஆல் பெருக்கினால் 3.6 லிட்டர். அப்படியானால் மொத்த எடையும் 3.6 கிலோதான். இந்த அளவுப் படகில் சுமார் 160 கிராம் கூடினாலே ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். அதனால் தண்ணீர் புகாமலிருக்கப் பூசும் எபாக்ஸி பிசினை இன்னொரு கோட் அடிக்கலாமா என்பதுகூட ஆழத்தைப் பற்றிய கேள்வி ஆகிவிடுகிறது. அடிக்கு 1.5 மி.மீ. பிளைவுட், குறுக்குச் சட்டங்களுக்குப் பால்சா என்ற லேசான மரம். 540 அளவு மோட்டாரும் பேட்டரியும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தன.

புரொப்பல்லருக்குப் பதில் பின்சக்கரம், அதாவது படகின் பின்னால் சுழன்று தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரம், வைக்கும் ஆசையும் இருந்தது. 1884இல் சூடானின் கார்ட்டூமில் முற்றுகையில் சிக்கியிருந்த ஜெனரல் கார்டனை மீட்க நைல் நதிக்குப் போன பிரிட்டிஷ் படைக்காக, ஆங்கிலேயக் கப்பல் கட்டுநர் ஆல்ஃபிரட் யார்ரோ கட்டிய வாட்டர்லில்லி, லோட்டஸ் இரண்டும் பின்சக்கர நீராவிப் படகுகள்தான். ஆனால் சக்கரத்தின் பாரம் முழுக்க அமரத்துக்கு (படகின் பின்முனைக்கு) வெளியே தொங்கும். அதைச் சமன் செய்யத்தான் அந்த வகைப் படகுகளில் பாய்லரை அணியத்துப் பக்கம் (முன்முனைப் பக்கம்) தள்ளி வைத்து, அங்கிருந்து பின்னால் இருக்கும் எஞ்சின் வரை நீராவிக் குழாயை இழுப்பார்கள். இரண்டு முனையிலும் பாரம், நடுவில் மிதப்பு. உடலின் உயரமும் குறைவு என்பதால் நடு முதுகு மேலே வளையப் பார்க்கும். அதைத் தடுக்க மேலே கம்பி கட்டி இழுத்து வைப்பார்கள். என் படகில் சக்கரம் இல்லாவிட்டாலும் சரக்கறை மேலே மூடாமல் திறந்துதான் இருக்கிறது, அதனால் உடல் வளையும். அல்சூரில் எங்கள் தெருவில் லேத் வைத்திருக்கும் அண்ணன் படகைக் கையில் வாங்கிப் பார்த்ததும், "தம்பி, இவ்வளவு தட்டையா இருந்தா முறுக்கும்பா" என்றார். இரண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி கட்ட, திருகி இறுக்கும் குட்டித் துண்டுகளை அவரே பித்தளையில் கடைந்து கொடுத்தார்.

இனி டன்னல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புரொப்பல்லர் 40 மி.மீ., தண்ணீரோ 25 மி.மீ. படகின் அடிக்குக் கீழே அது நீட்டிக்கொண்டிருந்தால் முதல் மணல் திட்டிலேயே உடையும். எனவே அடியை ஒரு குகை மாதிரி மேலே வளைத்து, அதற்குள் புரொப்பல்லரை வைக்க வேண்டும். கூரை 44 மி.மீ. உயரத்தில், அதாவது வெளித் தண்ணீர் மட்டத்துக்கும் மேலே இருக்கிறது. படகு நிற்கும்போது புரொப்பல்லரின் மேல்பாதி காற்றில் இருக்கும். சுழலத் தொடங்கியதும் காற்றைப் பின்னால் அள்ளி வெளியே தள்ளும், அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறி டன்னலை நிரப்பும். காற்று திரும்ப உள்ளே வராதவரை அந்தத் தண்ணீர் இறங்காது. அதற்காகத்தான் கூரையின் பின் விளிம்பு தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். என் படகில் அது அடியிலிருந்து 22 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முழுச் சரக்கோடு 3 மி.மீ. முங்கும். சரக்காக வைத்த ஒரு கிலோ மணல் பையை இறக்கினால் படகு 19 மி.மீ.க்கு எழும்பி, விளிம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு யார்ரோ கண்ட வழி, பின் விளிம்பில் கீல் வைத்த ஒரு பலகை. காலிப் படகில் அதை இறக்கிக் காற்றை அடைக்கலாம். பாரம் ஏறியதும் தூக்கிவிட்டால் தண்ணீர் தடையின்றிப் போகும். நான் அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் அதைச் செய்து, ஓரங்களில் மெல்லிய சிலிக்கான் பட்டை ஒட்டினேன். பக்கவாட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று உறிஞ்சும்.

சோதனைக்கு மொட்டை மாடியில் செங்கல் அடுக்கித் தார்பாய் விரித்து 5 மீட்டர் நீளத் தொட்டி கட்டினேன். ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரைச் சேர்த்து வைத்து நிரப்பினேன். பெங்களூரில் கோடையில் வேறு தண்ணீரை இதற்குச் செலவழிக்க மனசு வராது. படகின் பின்னால் நூல் கட்டி, லக்கேஜ் தராசில் மாட்டி இழுவை பார்த்தேன். காலிப் படகு, பலகை தூக்கியபடி: மோட்டார் வீறிட்டது, இழுவை 90 கிராம். பலகையை இறக்கியதும் சத்தம் தணிந்து கனமானது, தராசு 410க்கு ஏறியது. டன்னல் கூரையில் நான் வைத்திருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு குமிழிகூட இல்லை. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஓடும்போது அமரம் சற்று இறங்குகிறது. வெளி மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கும் தண்ணீரின் எடையைப் படகுதான் சுமக்கிறது, என் கணக்கில் நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பேட்டரியை முன்னால் நகர்த்தி, நிற்கும்போது அணியம் லேசாகத் தாழ்ந்திருக்கும்படி வைத்ததும் சரியாகிவிட்டது. பின்னோக்கி ஓட்டுவதுதான் பலவீனம். தண்ணீர் முன்பக்கம் தள்ளப்படும்போது பின்னாலிருந்து காற்று புகுந்துவிடுகிறது.

அப்புறம் தொட்டியில் தண்ணீரை 5 செ.மீ.க்குக் குறைத்தேன். அவ்வளவு ஆழத்தில் அலை நொடிக்கு 0.7 மீட்டருக்கு மேல் நகராது. படகு அந்த வேகத்தை நெருங்கியதும் முன்னால் குறுக்கே ஒரு அலை எழுந்தது, பின்பக்கம் இறங்கியது. த்ராட்டிலை எவ்வளவு கூட்டினாலும் வேகம் கூடவில்லை. நிஜ ஆற்றிலும் இதே கணக்குதான்: 2 மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை மணிக்குச் சுமார் 16 கி.மீ. 1915இல் இன்றைய ஈராக்கின் டைகிரிஸ் நதிக்காக யார்ரோ வடிவமைத்து, பாகங்களாக இன்றைய ஈரானின் அபாடானுக்கு அனுப்பிக் கோத்த ஃப்ளை வகைப் பீரங்கிப் படகுகளும் இரண்டடி ஆழத்தில் மிதந்தவை, டன்னலுக்குள் ஒற்றைப் புரொப்பல்லர் கொண்டவை. இந்தச் சோதனைக்குப் பிறகு அவற்றின் வரைபடங்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

அடுத்த வேலை சுக்கான். அடிக்குக் கீழே நீட்ட முடியாததால் உயரத்தில் இழப்பதை நீளத்தில் ஈடுகட்ட வேண்டும். டன்னலின் வாய்க்குப் பின்னால் இரண்டு சுக்கான்களை வைத்து, ஒரே கம்பியில் இணைத்து ஒரு சர்வோவில் (ரிமோட்டில் திருப்பும் சின்ன மோட்டாரில்) ஓட்டப் போகிறேன். டன்னலின் கீல் பலகைக்குத் தனி சர்வோ. இரண்டும் சேர்த்து 90 கிராமுக்குள் முடிக்க வேண்டும்.