பசவனகுடியில் கடைசி பெஞ்சு

ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் என் படத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி முகவரியைப் பார்த்தார். "தமிள்நாடு" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான், ஆனால் பஸ் முழுக்கக் கேட்டது. "டிக்கெட் தகொள்ளி அம்மா."

எனக்கு முன்னால் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாவுக்கு ஜீரோ டிக்கெட். காதில் ஒயர் மாட்டிய காலேஜ் பெண்ணுக்கும் ஜீரோ. நான் மட்டும் கைப்பைக்குள் சில்லறை துழாவினேன். கண்டக்டர் மேல் தப்பே இல்லை. 2023 ஜூன் 11-ஆம் தேதி தொடங்கிய சக்தி என்ற இலவசப் பஸ் பயணத் திட்டம் கர்நாடகத்தில் வசிக்கிற பெண்களுக்கு. நான் வசிக்கிறேன், என் ஆதார் வசிக்கவில்லை. நம்ம பக்கம் 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. காசு பெரிதல்ல. 34 வருஷம் சமூக அறிவியல் டீச்சராக இருந்து, டிக்கெட் எடுக்காத பயல்களைப் பஸ்ஸிலேயே காதைப் பிடித்துத் திருகியவள், ஓசிப் பயணத்துக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதுதான் சுருக்கென்றது.

அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்தது ஒரு சொற்பொழிவுக்கு.

காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூரு பனசங்கரியில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாநிலம்தான் மாறினேன், நாடு மாறவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பால் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத ஊர் எனக்கு வெளிநாடுதான். பேரன் பள்ளிக்கூடம், மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும். மாப்பிள்ளைதான் ஒருநாள் சொன்னார்: "அத்தை, பசவனகுடிப் பக்கம் தினமும் எங்கேயாவது லெக்சர் நடக்கும். ஃப்ரீதான். வயசானவங்க நிறைய வருவாங்க. போய்ட்டு வாங்களேன்." வயசானவங்க என்ற சொல் வந்ததும் மகள் அவரை முறைத்தாள். எனக்குக் கோபமில்லை. முழங்கால் வலிதான் என் வயதை எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறதே.

முதல்நாள் போனது பி.பி. வாடியா ரோட்டில் இருக்கும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சருக்கு. பெயரைப் பார்த்து மிரண்டுதான் போனேன். உள்ளே போனால் மர நாற்காலிகளும், சத்தம் போடும் மின்விசிறியும், நம்ம கிளை நூலகத்து வாசனையும். 1945-லிருந்து நடக்கிறதாம். சுவரோரம் நின்று அந்த வாடியா என்ற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ படித்த பெயர். படித்ததா? வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிய பெயர்! 1918, சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள், தலைவர் பி.பி. வாடியா, கூட நின்றவர் திரு.வி.க. இரண்டு மார்க் கேள்வி. அந்த மனிதர்தான் மனைவி சோபியாவோடு இங்கே வந்து இதை ஆரம்பித்திருக்கிறார். என் வகுப்பில் அவரைச் சங்கம் தொடங்கியதோடு விட்டுவிட்டோம், அப்புறம் எங்கே போனார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. தெரியாத ஊரில் நம்ம தெருக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு யார் பேசினார், எதைப் பற்றிப் பேசினார் என்பது சுத்தமாக நினைவில்லை.

அப்புறம் விட்டேனா. பழைய பாடக்குறிப்பேடு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து டைம்டேபிள் போட்டேன். புதன்கிழமை என்றால் நேஷனல் காலேஜில் பெங்களூர் சயின்ஸ் ஃபோரம். 1962-இல் எச். நரசிம்மையா தொடங்கியது, காந்தியவாதி, இயற்பியல்காரர், கல்யாணமே செய்துகொள்ளாமல் காலேஜ் ஹாஸ்டல் அறையிலேயே வாழ்ந்தவர். 1976-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது அற்புதம் செய்கிறேன் என்பவர்களை ஆராயக் குழு அமைத்தவரும் அவரே. கருந்துளையைப் பற்றி அங்கே கேட்டேன். புரிந்தது கால்வாசி, ஆனால் அந்தக் கால்வாசி புத்தம்புதுசு. என்.ஆர். காலனியில் கன்னடக் கவிஞர் டி.வி.ஜி. தொடங்கிய கோகலே நிறுவனம் இருக்கிறது. அவர் 1943-இல் எழுதிய 'மங்குதிம்மன கக்க' என்ற நாலடிப் பாட்டுகளை இங்கே பெரியவர்கள் நாம் குறள் சொல்வது போலப் பொழுதுக்கும் சொல்கிறார்கள்.

மகள் என்னை அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்கும் ஒருநாள் அனுப்பினாள். 18 வருஷம் துணி போர்த்தி மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை ஏரிக்கரையில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி. வள்ளுவர் பொறுத்துக்கொள்வார், என் முழங்கால் பொறுக்காது.

கன்னடம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு சாவி கிடைத்தது. நம்ம ப-வை ஹ-வாக மாற்றினால் பாதிக் கதவு திறக்கிறது. பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி, புல் ஹுல்லு. மீதிக் கதவைத் திறக்கப் பார்த்து விரல் நசுங்கியதும் உண்டு. முதல்நாள் வாசலில் ஒரு பெரியவர் "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்றபோது, நான் என்ன கூத்தடித்தேன், எங்கே கொள்ளி வைத்தேன் என்று நின்றேன். உட்காருங்கள் என்றாராம்.

ஆறு மணி என்றால் ஆறுக்கு ஆரம்பிக்கிறார்கள். ஏழுக்கு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் என் தலைவலி.

கேள்வி நேரம்.

காரைக்குடியில் வளர்ந்தவளுக்குப் பேச்சுக் கேட்கத் தெரியாமல் இருக்குமா? 1939-இல் சா. கணேசன் ஆரம்பித்த கம்பன் கழகத்து விழாவுக்குப் பங்குனியில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவள். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் ஊரில், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதிக்கு. நாம் கேட்பது வேறு மாதிரி. நல்ல இடம் வந்தால் உச்சுக்கொட்டுவோம், பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டுவோம். குறை சொல்வதெல்லாம் திரும்பி நடக்கும்போது. அப்பா செக்காலை முனை வரும்வரை பேச்சாளரைப் புகழ்வார், அப்புறம் வீட்டு வாசல்வரை அவரைக் கிழிப்பார். மேடையில் இருப்பவரை நிறுத்திக் கேள்வி கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

இங்கே கேட்கிறார்கள். சரி, நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் கேட்பதில்லை! குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் வருவார், மார்ச் மாதத்திலும் குல்லாய் கழலாது. பேச்சு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்வரை நன்றாகத் தூங்குவார். "எனி கொஸ்சன்ஸ்?" என்ற சத்தம் கேட்டதும் அலாரம் வைத்தது போல எழுந்து நிற்பார். "ப்ரஷ்னெ அல்ல, ஒந்து சிக்க அபிப்ராய." கேள்வி இல்லையாம், ஒரு சின்னக் கருத்தாம். அந்தச் சின்னக் கருத்து அவர் ஃபேக்டரியில் சேர்ந்த வருஷத்தில் தொடங்கும். கருந்துளையானாலும் சரி, கர்நாடக சங்கீதமானாலும் சரி, அந்த ஃபேக்டரி கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அமைப்பாளர் இருமுவார், கடிகாரத்தைத் தொடுவார், மைக்கை மெல்லத் தன் பக்கம் இழுப்பார். குல்லாய்க்காரரும் மைக்கோடு சேர்ந்து வருவார். அவர் உட்கார்ந்தால் இன்னொருவர், பேச்சாளர் சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்பார். ஒருநாள் குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணினேன். எழுந்தவர்கள் ஐந்து பேர். கேள்வி ஒன்று. அதுவும் "அடுத்த வாரம் யார் பேசுகிறார்கள்?"

என் வகுப்பாக இருந்தால் "கேள்வியைக் கேட்டுட்டு உக்காருடா" என்று ஒரே வார்த்தை. இங்கே நான் கடைசி பெஞ்சு, வாயைத் திறந்தால் தமிழ். எத்தனை சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன்! வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே மகளிடம் புலம்புவேன். "நீயும் ஒண்ணு கேளேம்மா" என்பாள், போனைப் பார்த்துக்கொண்டே.

டிக்கெட் எடுத்த அந்தச் சாயங்காலம் தலைப்பு, பெங்களூரு ஏரிகள். பேசியது சின்னப் பெண், பாதி ஆங்கிலம் பாதி கன்னடம். பெரிய ஆறு ஓடாத ஊர் இது. கெம்பேகௌடர் 1537-இல் ஊரைக் கட்டிய காலத்திலிருந்து ஏரிகள்தான் சோறு போட்டன என்றாள். தர்மாம்புதி ஏரிதான் இன்றைக்கு மெஜஸ்டிக் பஸ் நிலையம், சம்பங்கி ஏரிதான் கண்டீரவா ஸ்டேடியம். எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு சொல் விழுந்தது: "நீருகண்டி."

பேனா நின்றுவிட்டது. படத்தில் ஒரு மனிதர், தோளில் மண்வெட்டி, ஏரி மதகின் மேல். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் அம்மாச்சி ஊர்க் கண்மாயில் அவரை நீர்பாய்ச்சி என்போம். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவர் கைதான். நிலக்காரர் எவ்வளவு பெரியவரானாலும் ராத்திரி போய் மடையில் கை வைக்க முடியாது. அரிக்கேன் விளக்கோடு கரையில் அவர் போவது எங்கள் திண்ணையிலிருந்து தெரியும். விளக்கு நின்றால் அங்கே யாருடைய வயலுக்கோ தண்ணீர் திரும்புகிறது என்று அம்மாச்சி சொல்லும். அறுப்பு முடிந்தால் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு மூட்டை வரும். நான் சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கைவிரல் முழுக்கச் சேறு காய்ந்து வெடித்திருக்கும். சொம்பில் கறை படக்கூடாது என்று உள்ளங்கை இரண்டாலும் பிடித்துக் குடிப்பார்.

"எனி கொஸ்சன்ஸ்?"

எழுந்து நின்றுவிட்டேன். குல்லாய்க்காரருக்கு முன்னால். எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. மைக் வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது: பெங்களூரில், பசவனகுடியில், ஒரு தமிழ்ப் பொம்பளை எழுந்து தண்ணீரைப் பற்றிக் கேட்கப்போகிறாள். ஹால் மொத்தமும் திரும்பியது. காவிரி கூட ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

"நம்ம ஊரல்லி நீருகண்டிகெ... நெல்லு கொடுத்தாரு. இல்லி ஏனு?" உங்கள் ஊரில் என்ன கூலி கொடுத்தீர்கள், அவ்வளவுதான் கேட்டேன்.

அந்தப் பெண் முகம் மலர்ந்தது. "இல்லி ராகி, அம்மா" என்றாள். இந்தப் பக்கத்திலும் களத்திலேயே பங்கு அளந்திருக்கிறார்கள். அது எப்படி நின்றுபோனது என்று நிதானமாகச் சொன்னாள், எனக்காக ஆங்கிலத்தைக் குறைத்து. நான் உட்காரும்போது முழங்கால் நடுங்கியது, வலி அல்ல.

குல்லாய்க்காரர் எழுந்தார். "ப்ரஷ்னெ அல்ல, ஒந்து சிக்க அபிப்ராய." ஐயோ என்றிருந்தது. "நெல்லு அன்னோது கன்னட பதவே." நெல்லு என்பது கன்னடச் சொல்தானாம். பேச்சில் பத்த என்கிறோம், அந்த அம்மா சொன்னதில் பிழை இல்லை என்று நாலு நிமிஷம் எனக்காக வாதாடினார். நடுவில் ஃபேக்டரியும் வந்தது, அந்த கேன்டீனில் என்ன அரிசி என்பதுவரை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஆதாரை எடுக்காமலே சில்லறையை நீட்டினேன். டிக்கெட்டைக் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ஒட்டினேன். இதுவரை 41 டிக்கெட் சேர்ந்திருக்கிறது. இந்த ஊர் பழகிவிட்டது, இனிமேல் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே, பனசங்கரி வருவதற்குள் அம்மாச்சி ஊருக்குப் போன் போட்டேன்.

"கண்மாயில தண்ணி கெடக்கா?"

"கெடக்காவா? நெறைஞ்சு மறுகால் போகுது டீச்சர்! நீங்க எப்ப வர்றீங்க?"

வீட்டில் மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "அம்மா, ஆதார்ல அட்ரஸ் மாத்திடலாம். பத்து நிமிஷ வேலை. அப்புறம் உனக்கும் ஜீரோ டிக்கெட்தான். மாத்திடட்டுமா?"

"மறுகால் போகுதாம்டி" என்றேன்.