டுலாக்சிடினை ஒரே நாளில் நிறுத்திய பிறகு

முடக்குவாதத்துக்கு, அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர் கூடவே மனச்சோர்வுக்கும் ஒன்று சாப்பிடுகிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நானும் இத்தனை வருடம் வீட்டாரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாத்திரை திடீரென்று நின்றுபோன பிறகு நான் பட்ட பாட்டையும் அலைந்த அலைச்சலையும் இன்னொருவர் படக்கூடாது என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.

நோயைப் பற்றி நீட்ட வேண்டாம், உங்களுக்கே தெரியும். வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள் 15 மி.கி., ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், வலி தாங்காவிட்டால் எடோரிகாக்சிப். மனச்சோர்வுக்கு டுலாக்சிடின் 60 மி.கி. மனசுக்கும் கேட்கும், நாள்பட்ட வலியையும் கொஞ்சம் அடக்கும் என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர் வேலை எனக்கு. விரல் வீங்கிய கையோடு நாள் முழுக்க நோட்டு எண்ணுகிறவளுக்கு அந்த மாத்திரை எவ்வளவு பெரிய துணை என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு 128 என்று வந்தது. 40-க்குள் இருக்க வேண்டியது. திருச்சியில் எப்போதும் பார்க்கும் மூட்டு டாக்டர் அன்று விடுப்பு. அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மெத்தோட்ரெக்ஸேட்டையும் டுலாக்சிடினையும் கோடு போட்டு அடித்தார். ஆரம்பிக்கும்போது 30-ல் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினார்களே, நிறுத்தும்போது மட்டும் ஒரேயடியாக நிறுத்தலாமா என்று கேட்டேன்.

"லிவர்தான் முக்கியம்மா. இது சும்மா மனசுக்குக் கொடுக்கிறதுதானே."

டுலாக்சிடின் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மை. கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்போது அதை உடனே நிறுத்த வேண்டி வரலாம் என்பதும் எனக்குப் புரிகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. "நிறுத்தினால் இப்படியெல்லாம் வரும், பயப்படாதே, உன் மனநல டாக்டரிடம் இந்த வாரமே போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். "சும்மா மனசுக்கு" என்ற அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாளே தொடங்கிவிட்டது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று ஒரு அதிர்ச்சி, ஈரக்கையோடு கிரைண்டர் சுவிட்சைத் தொட்ட மாதிரி. கவுன்டரில் கையில் ஐநூறு ரூபாய்க் கட்டு. எண்ணிக்கொண்டே கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிறேன், சுரீர். எண்ணிக்கை விட்டுப்போகும். திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன், எதிரே நிற்பவர் முகம் சுளிப்பார், அந்த முகத்தைப் பார்க்க நிமிர்ந்தால் மறுபடியும் சுரீர். கூடவே குமட்டல், வியர்வை, தலைசுற்றல். தூங்கினால் விடிய விடியக் கனவு. சின்ன விஷயத்துக்கும் கண்ணில் தண்ணீர், அடுத்த நிமிடமே யார் மேலாவது எரிச்சல்.

உள்ளூர் டாக்டரிடம் போனேன். தலைசுற்றல் என்று சொன்னதுமே கழுத்து எக்ஸ்ரே. "எலும்பு தேய்மானம்" என்றார், தலைசுற்றலுக்கு மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தார். காது மூக்கு தொண்டை நிபுணரையும் பார்த்துவிடுங்கள் என்றார், பார்த்தோம். காதில் ஒன்றும் இல்லை. டுலாக்சிடின் நிறுத்தியதை இரண்டு இடத்திலும் நான் வாய்விட்டுச் சொன்னேன். இருவருமே தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். மனநல மாத்திரை என்ற பேச்சு வந்தாலே அதைத் தாண்டிப் போய்விடும் பழக்கம் டாக்டர்களிடமும் இருக்கிறது.

அப்புறம் வலி. முழங்கை, தோள், விரல் கணு எல்லாம் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டது. மெத்தோட்ரெக்ஸேட் நின்றதால் வாதம் கிளம்பிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஏறவில்லை, மூட்டிலும் புதிதாக வீக்கம் இல்லை. இத்தனை நாள் வலியை அடக்கிவைத்திருந்த டுலாக்சிடின் போனதுதான் காரணம் என்று பின்னால்தான் விளங்கியது. இதே மாத்திரையை நிறுத்தியவர்கள் இதைக் கவனியுங்கள்: வலி ஏறிய உடனே வாதம் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். வீக்கம் இருக்கிறதா, காலை விறைப்பு முன்பைவிட நீளுகிறதா, ரத்தத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

டுலாக்சிடின் எழுதிக்கொடுத்த மனநல டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாகப் பார்க்கப் போன இடத்தில், கல்லீரல் ரிப்போர்ட்டும் மூட்டு டாக்டரின் கடிதமும் இல்லாமல் எந்த மாத்திரையும் எழுத மாட்டேன் என்றார்கள். அது நியாயம்தான். கடிதத்துக்காகத் திருச்சிக்குப் போன் போட்டால், "டாக்டர் போனில் பேச மாட்டார் மேடம், டோக்கன் போட்டு நேரில் வாங்க." தலைசுற்றலோடு பஸ்ஸில் போனேன். போனால், பழைய ரிப்போர்ட்டெல்லாம் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது, ரெக்கார்டு ரூம் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், நகல் கொடுக்க மேலே அனுமதி வாங்க வேண்டும். மாலை வரை காத்திருந்தோம். "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் கையில் காபியை வைத்துக்கொண்டு பக்கத்தில் பேசாமல் நின்றார்.

ஊருக்கு வந்ததும் எங்கள் வங்கி மேலாளர்தான் ஒரு வழி சொன்னார். நோயாளியோ அவர் சார்பில் ஒருவரோ எழுதிக் கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். என் ஓ.பி. எண், தேவையான ரிப்போர்ட்டுகள், தேதி, கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு என் கணவர் போனார். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டார். முத்திரை வைக்கச் சொன்னதுமே கவுன்டரின் தொனி மாறிவிட்டதாம். சொன்ன கெடுவுக்குள் நகல் வந்து சேர்ந்தது. வாயால் கெஞ்சிக் கேட்டால் கிடைக்காதது எழுதிக் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து எழுதிக் கேளுங்கள்.

நகல்களோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். கூட்டம் அதிகம், காத்திருப்பு நீளம். ஆனால் உள்ளே இருந்த டாக்டர் நான் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். தலைக்குள் சுரீர் என்கிறது என்றதுமே, "கண்ணைத் திருப்பும்போதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். டுலாக்சிடின், வென்லாஃபாக்சின், பராக்சிடின் போன்றவை உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுகிறவை. திடீரென்று நிறுத்தினால் சில நாளிலேயே உடம்பு தடுமாறும். சுரீர், தலைசுற்றல், குமட்டல் எல்லாம் அந்தத் தடுமாற்றம். பழைய மனச்சோர்வில் இவை இருந்திருக்காது. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், சிலருக்கு மாதக்கணக்கிலும் இழுக்கும். நோயே திரும்புவது வேறு. அது மெதுவாக, வாரங்கள் கழித்து, பழைய முகத்தோடு வரும்.

எஸ்.ஜி.பி.டி. அளவு இறங்கும்வரை டுலாக்சிடினைத் திரும்பத் தொடங்க முடியாது என்றார். என் எதிரிலேயே திருச்சி மூட்டு டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். நாங்கள் நாள்கணக்கில் முயன்றும் கிடைக்காத இணைப்பு அவருக்கு உடனே கிடைத்தது. இரண்டு டாக்டர்களையும் ஒருவரோடு ஒருவர் பேசவைக்க உங்களால் முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள். மற்ற அலைச்சலில் பாதி தானாகவே குறையும்.

சுரீர் மெல்ல மெல்ல அடங்கியது. அவர் சொன்ன இரண்டாவது விஷயம் அதற்கப்புறம் வந்தது. வாரங்கள் கழித்து, பழைய முகத்தோடேதான் வந்தது. காலையில் கண் விழித்ததுமே நெஞ்சில் கனம், பல் தேய்க்கக்கூட எழ மாட்டேன். பிள்ளை பேசுவது காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. நான் இருப்பதே எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் நாள் முழுக்க ஓடும். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "இவ்வளவு பெரிய வியாதி இருந்தா மனசு கஷ்டப்படத்தானே செய்யும், இதுக்கெல்லாம் மாத்திரையா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மூட்டு நோய் இருப்பதால் மனச்சோர்வு இயற்கை, அதனால் வைத்தியம் வேண்டாம் என்பது என்ன நியாயம்? சர்க்கரை இருப்பவர் காலில் புண் வந்தால் இயற்கைதான் என்று சும்மா விடுகிறோமா?

ஒரு ராத்திரி எண்ணம் மிகவும் மோசமாகப் போனது. என் கணவரை எழுப்பி, "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னேன். வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் அவரே எடுத்துப் பூட்டிவைத்துக்கொண்டார். அதன் பிறகு அன்றன்றைக்குரியதை மட்டும் அவர் கையால் கொடுத்தார். வாதத்துக்குச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் ஆபத்தான மாத்திரைகள் எப்போதும் இருக்கும், அதனால் இந்த ஏற்பாடு அவசியம். அதே ராத்திரி டெலிமானஸ் எண் 14416-க்குப் பேசினோம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண், "அக்கா, அவசரமில்லை, மெதுவா சொல்லுங்க" என்றார். பாதுகாப்பாக இருக்கிறேனா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். காலையில் டாக்டரிடம் போகிறோம் என்று இருவரிடமும் உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் போனை வைத்தார். அந்த எண்ணை உங்கள் போனில் மட்டும் பதிந்தால் போதாது, கூட இருப்பவர் போனிலும் பதியுங்கள்.

மறுநாளே போனோம். அதற்குள் எஸ்.ஜி.பி.டி. 52-க்கு இறங்கியிருந்தது. மனச்சோர்வுக்கு வேறு மாத்திரையாக செர்ட்ராலினை 25 மி.கி.யில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து 50-க்கு ஏற்றினார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரமாகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். இன்னொன்றும் சொன்னார், மூட்டு நோயாளிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: செர்ட்ராலின் போன்ற மாத்திரையோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். கடையில் நாமே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்ட வேண்டும்.

இடைப்பட்ட நாட்களை ஓட்ட உதவியது அங்கிருந்த மனநல ஆலோசகர் சொன்ன ஒரு முறை. தெம்பு வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதே, நேரம் குறித்துக்கொண்டு சின்னதாக ஒன்றைச் செய் என்றார். என் நிலைமைக்கு அது அப்படியே ஒத்துவரவில்லை. காலையில் விரல் மடங்காது, அந்த நேரத்தில் எதைக் குறித்தாலும் தோற்றுப்போவேன், தோற்றால் மனசு இன்னும் இறங்கும். அதனால் எல்லாவற்றையும் பத்து மணிக்கு மேல் தள்ளினோம். காலையில் வெந்நீரில் கையை முக்கி உட்காருவது மட்டும். பத்து மணிக்கு மேல் தெருமுனை வரை நடை. சாயங்காலம் அத்தையோடு உட்கார்ந்து பூக்கட்டுவது. விரல் ஒத்துழைக்காத நாளில் அவர் கட்டுவார், நான் காம்பு சேர்த்துக் கொடுப்பேன். அத்தை ஒரு நாளும் "தைரியமா இரு" என்று சொன்னதில்லை. "இன்னிக்கு எப்படிடி இருக்கு?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார்.

இப்போது எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாகிவிட்டது. மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். வங்கிக்கும் போகிறேன். போன தடவை திருச்சிக்குப் போனபோது எங்கள் மூட்டு டாக்டரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார். என் சீட்டின் மேலேயே தன் கையால், "மனநல மருத்துவரைக் கேட்காமல் செர்ட்ராலினை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்" என்று எழுதி, அந்த மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் குறித்துக் கையெழுத்துப் போட்டார். நீங்களும் உங்கள் டாக்டரிடம் இப்படி ஒரு வரி எழுதி வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி வாங்குங்கள், ஏனென்றால் நம் டாக்டர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.