தாழ் போட்டாயா?

மார்ச் 3, திங்கள்

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தாழ் போட்டாயா அம்மா?"

"போட்டேன் அப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, சந்தேகம் வந்துவிட்டது. போட்டேனா? கை தாழ்ப்பாளைத் தொட்டது நினைவிருக்கிறது. ஆனால் அது இன்று தொட்டதா, நேற்று தொட்டதா? எழுந்து போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. வந்து படுத்தால், சாவியைத் திருப்பினேனா என்று அடுத்த கேள்வி. மறுபடி எழுந்தேன். மூன்றாவது முறை எதற்காக எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா என்னோடு வந்து தங்கி மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் இங்கே தனியாகத்தான் இருந்தேன். கதவைச் சாத்துவேன், படுப்பேன், தூங்கிவிடுவேன். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் பயம் பாதியாகும் என்று நினைத்திருந்தேன். இரட்டிப்பாகியிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகப் புறப்பட்டோம். இரண்டு தெரு தாண்டியதும் கால் நின்றுவிட்டது. அவரை ஓர் ஓரமாக நிற்க வைத்துவிட்டு ஓடி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பிப் போனால், "நான் அப்போதே நினைத்தேன்" என்கிறார். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

இரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதைப் பற்றவைத்து, அணைத்து, அணைந்ததா என்று சரிபார்க்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இன்னொரு குழுவுக்கு அடுப்புக்குப் பதிலாக விளக்குகள். கடைசியில் இரு குழுவிடமும், அடுப்பின் எந்தக் குமிழ்களைக் கடைசியாகச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு அவர்களுக்கு மங்கலாக இருந்தது. தாங்கள் சொன்னதில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

அதாவது நான் மூன்று முறை எழுந்து பார்த்ததால்தான் நான்காவது முறை எழத் தோன்றுகிறது. படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன்.

மார்ச் 6, வியாழன்

எதிர்வீட்டு அக்கா பகலில் கதவைப் பூட்டுவதே இல்லை. பூட்டுவது இருக்கட்டும், சாத்துவதுகூட இல்லை. எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். அறுபதைக் கடந்தவர், தனியாக இருக்கிறார். எல்லாத் திருட்டும் பூட்டை உடைத்து நடப்பதில்லை, திறந்து கிடக்கும் கதவும் ஜன்னலும் போதும் என்று நேற்றுப் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். என் பேச்சு எனக்கே துண்டுப் பிரசுரம் போல இருந்தது.

அவர் சிரித்தார். "நான் விழுந்து கிடந்தால் நீ எப்படி உள்ளே வருவாய்?"

அதற்கு அந்தத் துண்டுப் பிரசுரத்தில் பதில் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பத்து நாளாகவே சாவி உள்ளே போகும், லேசில் திரும்பாது. அப்பா வைத்தியமாக எண்ணெய் விட்டிருக்கிறார். பூட்டு பழுது பார்ப்பவர் வந்ததும் முதலில் திட்டியது அதற்குத்தான்: எண்ணெய் தூசியை இழுத்துக்கொள்ளும், பென்சில் முனையைச் சுரண்டிய தூள் போதும். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் பூட்டின் உருளையைக் கழற்றி, ஒரு துணியை விரித்து அதன்மேல் பிரித்துப் போட்டார். இதுவரை நான் பூட்டின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய பித்தளை ஊசிகள், ஐந்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் ஒரு மயிரிழைச் சுருள்வில். சாவியின் பல்வரிசை ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்குகிறது. ஐந்து ஜோடிகளும் பிரியும் இடம் ஒரே கோட்டில் வந்து நின்றால் உருளை திரும்பும். ஒன்று தவறினாலும் திரும்பாது. அமெரிக்காவின் லைனஸ் யேல் என்பவர் 1860-களில் செய்து தந்த அமைப்பு இது. அவரும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. பழங்கால எகிப்தில் மரத்திலேயே இப்படிப் பூட்டு செய்திருக்கிறார்கள், மரமுளைகள் தம் எடையிலேயே விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை காலமாக நாம் நிம்மதியாகத் தூங்கியது இந்த ஊசிகளை நம்பித்தான். ஒன்றை விரல்நுனியில் வைத்துப் பார்த்தேன். ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது.

அத்தோடு அவர் விட்டிருக்கலாம். "சாவி போடாமல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகும் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகி, லேசாக வளைத்து ஓர் அழுத்து. கதவு திறந்துகொண்டது. நான் இமைத்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன். சாய்வான முனையுள்ள வில்தாழுக்கு அவ்வளவுதான் மரியாதையாம்.

பிறகு நிலையில் இருந்த தகட்டைக் காட்டினார். தாழ் போய் நுழைகிற துளை இருக்கும் தகடு. அதன் திருகாணி ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முக்கால் அங்குலம்கூட இல்லை. "பூட்டு உடையாது அம்மா. ஓர் உதை விழுந்தால் நிலைதான் பிளக்கும். இது பிடித்துக்கொண்டிருப்பது மரத்தின் தோலை மட்டும்தான்." மூன்று அங்குலத் திருகாணி போட்டால் நிலைச் சட்டத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கும் கட்டுமானம் வரை போய்ப் பிடிக்குமாம்.

அந்தக் குட்டித் திருகாணி இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. நான் மூன்று முறை எழுந்துபோய்ச் சரிபார்த்தது இதைத்தான்.

மார்ச் 10, திங்கள்

பூட்டு பழுது பார்ப்பவர் கிளப்பிவிட்டது அடங்கவில்லை. பூட்டுகளின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் பிராமா என்பவரின் நிறுவனம் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று எழுதி வைத்திருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் அதை யாராலும் திறக்க முடியவில்லை. 1851-ல் உலகப் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திருடர்களைத் தடுப்பதில் பெயர்பெற்ற, சப் என்ற நிறுவனத்தின் பூட்டை முதலில் அரைமணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பிறகு பிராமா பூட்டுக்கு வந்தார். பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்துவிட்டார். பத்திரிகைகளில் ஒரே அமளி.

கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்பார்கள். எனக்குத் தோன்றியது வேறு. ஹாப்ஸ் திறப்பதற்கு முந்தைய நாள் இரவும் அதே பூட்டுதான், அடுத்த நாள் இரவும் அதே பூட்டுதான். 51 மணி நேரம் வாசலில் உட்கார்ந்து நோண்டும் திருடன் எங்கேயும் கிடையாது. இருந்தும் அந்த வாரம் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

மார்ச் 13, வியாழன்

நேற்று இரவு இரண்டே முறை. முன்னேற்றம் என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, சனி

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் வெளியே போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பினேன். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. நான் போனதும் அப்பா உள்ளே மேல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வார். எனக்குத் தெரியும், பலமுறை சொல்லியும் பார்த்துவிட்டேன். தட்டினேன். கூப்பிட்டேன். தொலைபேசி உள்ளே அடித்து ஓய்ந்தது. அப்புறம் தரை மட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "விழுந்துவிட்டேன் அம்மா."

எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். பூட்டு பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டோம். வந்து சேர முக்கால் மணி ஆகும் என்றார். நான் கதவைத் தோளால் இடித்தேன். தாழ்ப்பாள் மேலே, ஆளுயரத்துக்கும் மேலே. போன வாரம் அவ்வளவு ஏளனமாகப் பார்த்த கதவு இன்று கல்லாகிவிட்டது.

அப்பா அறையிலிருந்து வாசல் வரை தவழ்ந்து வந்திருக்கிறார். இடது மணிக்கட்டை ஊன்ற முடியவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. கைத்தடியைத் தூக்கி அதன் முனையால் தாழ்ப்பாளைத் தட்டத் தொடங்கினார். டக். நிறுத்தம். டக். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். சில தட்டுகள் மரத்தில் விழுந்தன, சில இரும்பில்; ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். "இரும்பில் பட்டது அப்பா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அக்கா கதவில் வாயை வைத்து, "அவசரமே இல்லை ஐயா, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்றார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. அவருடைய கை மட்டும் என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தது.

இருபத்தைந்து நிமிடம். தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்தது.

எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு மட்டும்தான். அவர் தூங்குகிறார். கதவை இன்று நான் சரிபார்க்கவில்லை.

மார்ச் 19, புதன்

திட்டுவதற்கென்று உட்கார்ந்தேன், திட்ட முடியவில்லை. யாருக்குப் பயந்து மேல் தாழ்ப்பாள் என்று கேட்டேன்.

"குறிப்பாக யாரும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்பெல்லாம் ஒருவன் தள்ளினால் திருப்பித் தள்ளுவேன். இப்போது தள்ளினால் விழுவேன். விழுந்தால் எழுந்திருக்க மாட்டேன். உனக்குப் புரியாது" என்றார்.

பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் ஒரு முரண் திரும்பத் திரும்ப வருகிறது. குற்றத்துக்கு அதிகம் அஞ்சுபவர்கள் முதியவர்களும் பெண்களும். தெருவில் அதிகம் அடிபடுபவர்கள் இளம் ஆண்கள். காரணமில்லாத பயம் என்று முன்பு நான் சொல்லியிருப்பேன். எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கிறோம் நாம். நடந்துவிட்டால் எழுந்திருக்க முடியுமா என்று பார்க்கிறார் அவர். அவருடைய கணக்கில் பிழை இல்லை.

இன்னொன்றும் சொன்னார். அம்மா இருந்தவரை அவர் ஒருநாளும் தாழ் போட்டதில்லையாம். அம்மாதான் போடுவார். இவர் படுத்தபடியே கேட்பதோடு சரி.

மார்ச் 23, ஞாயிறு

மேல் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. கதவில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம். வெளியிலிருந்து சாவி, உள்ளிருந்து கையால் திருகும் குமிழ் என்று புதிய பூட்டு போட்டோம். தாழ் முழுதாக ஓர் அங்குலம் நிலைக்குள் போகிறது, திருகாணிகள் மூன்று அங்குலம். உள்ளேயும் சாவி போடுவது போல இருந்தால் இன்னும் பத்திரம் அல்லவா என்று அப்பா ஒரு முயற்சி செய்தார். "தீப்பிடித்தால் புகையில் சாவியைத் தேடுவீர்களா ஐயா?" என்றார் பூட்டு பழுது பார்ப்பவர். பேச்சு முடிந்தது.

ஒரு சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

"சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எதற்குப் பூட்டு?" என்று கேட்டார் அப்பா. இரவு வரை யோசித்தும் பதில் அகப்படவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பூட்டு பழுது பார்ப்பவரின் கேள்விதான் மனத்தில் ஓடுகிறது. 1911-ல் இதே மார்ச் 25-ம் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று அதைப் பூட்டி வைத்தார்களாம்.

மார்ச் 27, வியாழன்

ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்களாம். கண், கை, வாய், காது எல்லாம் சேர்ந்தால் கவனம் தப்பாது. நானும் மூன்று நாளாகப் பூட்டைச் சுட்டிக்காட்டி, "வியாழன், பூட்டியாயிற்று" என்று உரக்கச் சொல்கிறேன். கிழமையைச் சேர்த்தது என் சொந்தத் திருத்தம். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று இரவும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பிற்பகல் வெளியே இருந்தபோது அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: நன்றாகத் தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது, பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், தூங்கிவிட்டீர்களாமே என்றேன்.

"தூங்கவில்லை. சாவி திரும்பும் ஓசை கேட்டது. யார் என்று பார்க்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்" என்றார். "அந்தம்மா வந்தார், பார்த்தார், போனார். போகும்போது வெளியிலிருந்து பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். படி வரை நடந்து போன சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார்."